பரிந்துரைக் கடிதம்: புகழ வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள்

"டீச்சர், வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு லெட்டர் வேணும்." வகுப்பு முடிந்து புத்தகத்தை அடுக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கோரிக்கை வரும். கேட்பவர் நல்ல பிள்ளை. உங்களுக்கும் எழுதிக்கொடுக்க ஆசைதான். அன்றிரவு உட்கார்ந்து "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், தலைமைத்துவப் பண்பு உள்ளவர்" என்று எழுதிவிடுகிறீர்கள். அதே மூன்று சொற்கள் அதே வாரத்தில் இன்னும் பல நூறு கடிதங்களில் அதே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருகின்றன. அந்தப் பிள்ளை யார் என்று படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கமும் இடைநிலைப்பள்ளிகளில் புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்கள், ஆறாம் படிவ வகுப்பாசிரியர்கள், டியூஷன் நடத்துகிறவர்கள், கோயில் இளைஞர் பகுதிப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. கடிதத்தைப் படித்து உபகாரச் சம்பளம் கொடுக்கும் சங்கங்களுக்கும் கடைசிப் பகுதியில் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் பரிந்துரை என்றால் சிபாரிசு என்றுதான் காதில் விழுகிறது. மலாயில் சூராட் சோக்கோங்கான் என்றாலும் அதே நினைப்புதான்: பெரிய மனிதர் ஒருவரின் கையெழுத்து, ஒரு முத்திரை, கதவு திறக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்கும் கடிதம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அது சாட்சிக் கூற்று. இந்த மாணவரை நேரில் பார்த்த ஒருவர், என்ன பார்த்தார் என்று சொல்வது. சாட்சிக்கு அழகு, தான் பார்த்ததை மட்டும் சொல்வது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மீதி எல்லாம் வழிமுறைதான்.

எங்கே கேட்பார்கள், எங்கே கேட்க மாட்டார்கள்

மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு யூபியூ. அதன் வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப்புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. கடிதத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே யூபியூவுக்கு மட்டும் விண்ணப்பிக்கும் மாணவர் கடிதம் கேட்டு அலைய வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள், பாவம்.

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்க, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸுக்குள் ஆசிரியர் குறிப்பு ஒன்று தேவை. 2024 சேர்க்கைச் சுற்றிலிருந்து அது மூன்று பகுதிகளாகிவிட்டது: முதலாவது பள்ளியைப் பற்றிய பொதுத் தகவல், இரண்டாவது மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகள், மூன்றாவது அந்த மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய மற்றவை. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரியில் முடியும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. அதில் ஆலோசக ஆசிரியர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் பாட ஆசிரியர் ஒருவர் அல்லது இருவரின் கடிதத்தையும் கேட்கும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி தொடக்கம். எம்ஐடி இரண்டு ஆசிரியர் கடிதங்கள் கேட்கும்: ஒன்று கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, இன்னொன்று மொழி, வரலாறு போன்ற பாடம் நடத்தியவரிடமிருந்து. டார்ட்மத் கல்லூரி, கூடப் படிக்கும் நண்பர் ஒருவரின் கடிதத்தையும் வரவேற்கிறது. குணத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பது நியாயமான யோசனைதான்.

படி 1: கடிதம் கேட்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள்

கடிதத்தில் அநியாயம் புகும் முதல் இடம் ஆசிரியரின் ஞாபகம். யாரை ஞாபகம் இருக்கும்? முன் வரிசையில் உட்கார்ந்து கை தூக்குகிறவர், விவாதப் போட்டிக்குப் போனவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர். பின் வரிசையில் அமைதியாக இருந்து, பழுதான புரொஜெக்டரை ஒவ்வொரு முறையும் சரிசெய்து கொடுத்த பையன் நினைவுக்கு வரமாட்டான். ஞாபகத்தை நம்பி எழுதினால் சத்தம் போடுகிறவர்களுக்கே நல்ல கடிதம் கிடைக்கும்.

இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். மாணவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரம் மூன்று மாணவர்கள் என்று பெயர்ப்பட்டியல் வரிசைப்படி போங்கள். முப்பது பேர் உள்ள வகுப்பென்றால் பத்து வாரத்தில் ஒரு சுற்று முடியும், பள்ளி ஆண்டில் நான்கு சுற்று வரும். ஒருவரைப் பற்றி ஆண்டுக்கு நான்கு குறிப்புகள் உங்களிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் போதும்.

பெயர்ப்பட்டியல் வரிசையை மாற்றக் கூடாது. "இந்த வாரம் இவரிடம் ஒன்றும் நடக்கவில்லை" என்று தாண்டத் தோன்றும். தாண்டாதீர்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும் மாணவரைத்தான் நீங்கள் இதுவரை பார்க்காமல் இருந்திருக்கிறீர்கள். அவர் முறை வரும் வாரத்தில் வேண்டுமென்றே கவனியுங்கள்: குழுவேலையில் என்ன செய்கிறார், விடை தப்பானதும் முகம் என்ன ஆகிறது, மணி அடித்ததும் யாருக்காக நிற்கிறார்.

குறிப்பில் நான்கே விஷயம்: தேதி, என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அவர் வாயிலிருந்து வந்த சொல் ஏதாவது இருந்தால் அது. "நல்ல பொறுமை" என்று எழுதாதீர்கள். "ஒரு கணக்கைத் தோழிக்கு மூன்றாவது தடவையாக வேறு படம் போட்டு விளக்கினார்" என்று எழுதுங்கள். எட்டு மாதம் கழித்துப் படிக்கும்போது பொறுமை என்ற சொல் எதையும் நினைவூட்டாது. அந்தப் படம் நினைவூட்டும்.

படி 2: எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்

கடிதம் கேட்டு வருகிற ஒவ்வொரு மாணவரிடமும் ஒரே தகவல் தாளைக் கொடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, எந்த மொழியில் மனம் ஓடுகிறதோ அதில் நிரப்பட்டும்.

கேட்க வேண்டியவை: எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், கடைசி நாள் என்ன. என் வகுப்பில் உனக்குக் கடினமாக இருந்த ஒன்று எது, அதை எப்படிச் சமாளித்தாய். பள்ளி நாளில் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை மணி வாரியாக என்ன செய்கிறாய். வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய். சம்பளத்துக்கு வேலை செய்கிறாயா, வாரத்துக்கு எத்தனை மணி. பள்ளிக்கு எப்படி வருகிறாய், எவ்வளவு நேரமாகும். கடிதத்தில் நான் சொல்லக் கூடாதது என்று ஏதாவது உண்டா.

மணி வாரியான அந்தக் கேள்விதான் இந்தத் தாளின் உயிர். வசதியான வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தில் பியானோ, நீச்சல், வெளிநாட்டு முகாம் என்று பட்டியல் இருக்கும். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், அப்பா லாரி என்றால், தம்பி இரண்டு பேரை எழுப்பிக் குளிப்பாட்டித் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அக்கா தன் பள்ளிக்குக் கிளம்புகிறார். அதை எந்தக் கட்டத்திலும் அவர் எழுத மாட்டார், ஏனென்றால் அது அவருக்கு "நடவடிக்கை" என்றே தோன்றாது.

இங்கே பலர் செய்யும் ஒரு பெரிய தவறு: "நீயே ஒரு டிராஃப்ட் எழுதிக் கொண்டுவா, நான் கையெழுத்துப் போடுகிறேன்." ஆசிரியருக்கு நேரம் மிச்சம்தான். ஆனால் வீட்டில் ஆங்கிலம் படித்த அக்காவோ பணம் வாங்கும் ஆலோசகரோ இருக்கிற மாணவருக்கு அற்புதமான கடிதம் வரும், யாரும் இல்லாத மாணவர் இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து எழுதுவார். மேலும் தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதக் கூச்சப்படும் பிள்ளை, தனக்கே குறைத்து எழுதிக்கொள்ளும். சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதுவதிலும் இதே கோளாறு உண்டு: அது உங்கள் வகுப்பில் உட்காரவில்லை, அதனால் எல்லாருக்கும் பொருந்துவதையே எழுதும். மாணவரின் குடும்ப விவரத்தை அதில் கொட்டுவது நம்பிக்கைத் துரோகமும்கூட.

படி 3: பதினைந்து நிமிடப் பேச்சு

தாளை வாங்கியதும் மாணவரை உட்கார வைத்துப் பேசுங்கள். நம் பிள்ளைகளிடம் "உன் சாதனை என்ன?" என்று கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். தற்பெருமை கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். நேராகக் கேட்பதற்குப் பதில் நேற்றைப் பற்றிக் கேளுங்கள்.

"நேத்து ஸ்கூல் விட்டதும் என்ன பண்ணினே?"

"ஒண்ணும் இல்ல டீச்சர், கடைக்குப் போனேன்."

"எந்தக் கடை?"

"மாமா கடை. பூ கட்டுவேன். வெள்ளிக்கிழமைனா ஆர்டர் நிறைய வரும்."

"ஆர்டர் யாரு எழுதறது?"

"நான்தான். முன்ன வாய்ல சொல்லிட்டுப் போவாங்க, மாலை எண்ணிக்கை மாறிடும். இப்ப நோட்டுல எழுதி போன் நம்பரும் வாங்கிடறேன்."

பாருங்கள், மூன்றே கேள்வியில் முன்முயற்சி, ஒழுங்கு, பொறுப்பு எல்லாம் வந்துவிட்டது, அந்தச் சொற்கள் ஒன்றுகூட வராமல். அடுத்த கேள்வி "அப்படி எழுத ஆரம்பிச்ச பிறகு என்ன மாறிச்சு?" என்பது. செயலின் விளைவைக் கேட்கும் கேள்வி இது. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன் என்று சொல்கிறாரா? எத்தனை மணி நேரம், எந்த வேலை, குப்பை யார் அள்ளினார்கள் என்று கேளுங்கள். திருமுறை ஓதும் விழாவுக்குத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்கிறாரா? எத்தனை பேர், எத்தனை வாரம், உச்சரிப்பு வராத பிள்ளையை என்ன செய்தாய் என்று கேளுங்கள். ஒரு தடவை நின்று படம் எடுத்துக்கொண்டதும் மூன்று ஆண்டாகத் தொடர்ந்து செய்வதும் இந்தக் கேள்விகளில் தானாகப் பிரிந்துவிடும்.

நீங்கள் பார்க்காததை எழுதும்போது மட்டும் அப்படியே சொல்லுங்கள்: "அவர் என்னிடம் சொன்னது", "கடைக்காரரிடம் பேசி உறுதிசெய்தது." அப்படிப் பிரித்து எழுதினால் கடிதத்தின் மதிப்பு குறையாது, கூடும்.

படி 4: யார் எழுத வேண்டும், எப்போது மறுக்க வேண்டும்

சட்டமன்ற உறுப்பினர், கோயில் தலைவர், சங்கச் செயலாளர் ஆகியோரின் கடிதம் பெரிய இடத்துக் கடிதம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஒரே ஒருமுறை மேடையில் பரிசு கொடுத்தவர் அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன சாட்சி சொல்ல முடியும்? வாரத்துக்கு நான்கு மணி நேரம் கெமிஸ்ட்ரி நடத்திய இளம் ஆசிரியரின் கடிதம் அதைவிடப் பல மடங்கு பெறும். பெற்றோரிடம் இதைப் பொறுமையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள்.

குறைந்தது நான்கு வாரம் முன்னால் கேட்கச் சொல்லி வகுப்பில் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். ஒரு நல்ல கடிதத்துக்குப் பேச்சு 15 நிமிடம், எழுத ஒரு மணி நேரம், மறுநாள் திருத்த இன்னொரு 15 நிமிடம் ஆகும். ஒரு பருவத்தில் பத்துக்கு மேல் எடுத்தால் பதினொன்றாவது மாணவருக்குக் களைத்த கடிதம்தான் போகும். யார் முதலில் கேட்கிறார்கள் என்பதை வைத்துப் பத்துப் பேரை எடுப்பதிலும் ஒரு குறை உண்டு. கேட்கத் தயங்கும் பிள்ளைகள் எப்போதும் கடைசியில்தான் வருவார்கள். இரண்டு மூன்று இடங்களை அவர்களுக்கென்று ஒதுக்கிவைத்து, நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்: "வெளியில அப்ளை பண்ற எண்ணம் இருக்கா?"

ஒருவரைப் பற்றி நல்லது சொல்ல உங்களிடம் எதுவும் இல்லையென்றால் எழுதாதீர்கள். "உன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்த இன்னொரு ஆசிரியர் எழுதினால் உனக்கு நல்லது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டு வெறும் நான்கு வரி எழுதி அனுப்புவது மாணவருக்குத் தெரியாமல் அவர் காலை வாருவது.

படி 5: எழுதும் முறை

அளவு: ஒரு பக்கம், ஆங்கிலத்தில் 400 முதல் 600 சொல். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் ஒரு காரணம் வேண்டும்.

தொடக்கத்தில் நீங்கள் யார், எந்தப் பாடம், எத்தனை மாதம், வகுப்பில் எத்தனை பேர். இதை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். பள்ளியின் வரலாற்றுக்கு ஒரு பத்தி செலவழிக்காதீர்கள். அடுத்து இரண்டு சம்பவங்கள், ஒன்று படிப்பில், ஒன்று மனிதர்களோடு பழகுவதில். அதன்பின் சூழ்நிலை: எஸ்டிபிஎம் என்பது ஆறாம் படிவத்தில் மூன்று பருவமாக எழுதும் தேர்வு, உங்கள் பள்ளியில் எந்தப் பாடங்கள் கிடைக்கின்றன, எவை கிடைப்பதில்லை. வெளிநாட்டில் கடிதத்தைப் படிப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் ஒப்பீடு. "நான் நடத்திய சிறந்த மாணவர்களில் ஒருவர்" என்றால் எத்தனை பேரில், எத்தனை ஆண்டில் என்ற எண் இல்லாமல் அதற்குப் பொருளில்லை.

ஓர் உதாரணம். வழக்கமாக வரும் வடிவம் இது:

"இம்மாணவி மிகவும் நேர்மையானவர், கடின உழைப்பாளி. ஆசிரியர் சொல்வதைக் கேட்டு நடப்பவர். அறிவியலில் ஆர்வம் மிக்கவர். எந்தத் தயக்கமுமின்றிப் பரிந்துரைக்கிறேன்."

அதே மாணவியை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால்:

"தைட்ரேஷன் சோதனையில் இவர் குழுவின் மூன்றாவது அளவீடு மற்ற இரண்டிலிருந்து 0.40 கன சென்டிமீட்டர் விலகியது. ஏற்கத்தக்க வித்தியாசம் 0.10 மட்டுமே. வகுப்பு முடிய பன்னிரண்டு நிமிடம் இருந்தது, எண்ணை மாற்றி எழுதிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். இவர் மறுத்துவிட்டுப் பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி நின்றிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வெளியேற்றி மறுபடி செய்தார்கள். அறிக்கையில் தவறிய அளவீட்டையும் அதன் காரணத்தையும் இவரே எழுதிச் சேர்த்தார். இடைவேளையில் பாதி போனது. மாற்றி எழுதலாம் என்ற தோழியின் பெயரை இவர் என்னிடம் சொல்லவேயில்லை, அதை வேறொருவர் வழியாக அறிந்தேன்."

இரண்டாவதில் நேர்மை என்ற சொல் கிடையாது. ஆனால் நேர்மை, கூர்மை, தோழியைக் காட்டிக்கொடுக்காத பண்பு மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பாராட்டுச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லாத சொல்லை அடித்துவிடுங்கள்.

குறையைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம், அது எப்படி மாறியது என்பதையும் சேர்த்து. "முதல் பருவத்தில் குழுவில் யாரையும் வேலை செய்ய விடமாட்டார், எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வார். ஒருமுறை அறிக்கை தாமதமானபின் வேலையைப் பிரித்து எழுதி ஒட்ட ஆரம்பித்தார்." இப்படி ஒரு வரி இருக்கும் கடிதத்தில் மற்றப் பாராட்டுகளும் நம்பும்படி ஆகின்றன.

மொழிபெயர்ப்பில் விழும் பள்ளம் ஒன்று உண்டு. தேசியப் பள்ளியில் சான்றிதழ்கள் மலாயில் இருக்கும்: ராஜின் (உழைப்பாளி), பெர்டிசிப்லின் (ஒழுக்கமானவர்), பெர்புடி பஹாசா (பண்பானவர்). தமிழில் நாம் "அடக்கமான பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கும்" என்போம். நம்மிடையே இது உயர்ந்த பாராட்டு. அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் சொந்தமாக யோசிக்காத, கட்டளைக்குக் காத்திருக்கும் பிள்ளை என்ற தோற்றம் வரும். அடக்கம் என்று நீங்கள் நினைத்தது உண்மையில் எந்தச் செயல் என்று தேடுங்கள். மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் சொன்னதையும் சேர்த்துப் பதில் சொல்வாரா? அதை எழுதுங்கள்.

பெயர் விஷயமும் இங்கே முக்கியம். அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று தந்தை பெயர் சேர்ந்திருக்கும். வெளிநாட்டுப் படிவங்கள் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு கடிதத்தில் மாணவியின் பெயர், இன்னொன்றில் "மிஸ்" போட்டு அவர் அப்பாவின் பெயர் என்று வந்தால் படிப்பவர் குழம்புவார். முதல் வரியில் கடப்பிதழில் உள்ளபடி முழுப்பெயர், அதன்பின் எல்லா இடத்திலும் மாணவரின் சொந்தப் பெயர். விண்ணப்பத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒருமுறை சரிபாருங்கள்.

படி 6: அனுப்பும் முன் நியாயச் சோதனை

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியாகக் குறுகியவை என்றும், ஐயத்தைக் கிளப்பும் வாக்கியங்கள் அவற்றில் அதிகம் என்றும் காட்டியது. வேதியியல் துறைப் பணிக்கான கடிதங்களைப் பற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்களுக்கே "தனித்து நிற்பவர்", "அபாரமானவர்" வகைச் சொற்கள் கூடுதலாக விழுந்திருந்தன. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பழக்கம் கையில் ஏறி எழுதிவிடுகிறது. நம் கையிலும் ஏறும்: பையன் "புத்திசாலி", பெண் "பொறுப்பானவள்".

ஆகவே கடிதத்தை ஒருநாள் ஊறப் போட்டு, மறுநாள் பெயரை மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். பெண்ணின் பெயருக்குப் பதில் ஒரு பையனின் பெயர், தமிழ்ப் பெயருக்குப் பதில் ஒரு சீனப் பெயர் அல்லது மலாய்ப் பெயர். காதுக்கு உறுத்தும் வாக்கியம் எது? "குடும்பப் பின்னணி அப்படி இருந்தும் நன்றாகப் படிக்கிறார்" என்பது உறுத்தும். "வாரத்துக்கு 18 மணி நேரம் உணவகத்தில் வேலை செய்துகொண்டே தேர்வெழுதினார்" என்பது உறுத்தாது. முதலாவது இரக்கம், இரண்டாவது தகவல்.

தோற்றம், சாதி, மதப்பற்று, அப்பாவின் பதவி, அண்ணன் படித்த பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் நீக்குங்கள். "ஓரளவு", "அவரால் முடிந்தவரை", "பிரச்சினை கொடுத்ததில்லை" போன்றவை புகழ்வதுபோல் தோன்றி வீழ்த்தும் சொற்கள், அவற்றையும் நீக்குங்கள். அந்தப் பருவத்தில் எழுதிய எல்லாக் கடிதங்களின் நீளத்தையும் அடுக்கிப் பாருங்கள். பாதி நீளம் உள்ள கடிதம் யாருக்கு விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்த மாணவரை மறுபடி கூப்பிட்டுப் பேசுங்கள்.

காமன் ஆப் ஆசிரியர் படிவத்தில் அறிவுத்தேடல், நேர்மை, தோல்வியை எதிர்கொள்ளும் விதம் போன்றவற்றுக்குக் கட்டங்களில் குறியிட வேண்டும். சராசரிக்குக் கீழ் என்பதில் தொடங்கி முதல் 10 விழுக்காடு, முதல் 5, முதல் 1 விழுக்காடு வரை அது ஏறும். எல்லாவற்றிலும் உச்சியில் குறியிட்டால் ஒன்றிலும் குறியிடாததற்குச் சமம். குறியிடும் முன் கடந்த மூன்று ஆண்டு மாணவர் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் என்றால் முதல் 1 விழுக்காட்டில் ஒருவருக்கே இடம். ஒரு குணத்தை நீங்கள் பார்க்கவே இல்லையென்றால் "கணிக்க அடிப்படையில்லை" என்ற கட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

இரகசியம், அனுமதி, அனுப்புதல்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டப்படி, சேர்ந்தபின் மாணவர் தன் கடிதத்தைப் பார்க்க உரிமை கோரலாம். விண்ணப்பத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கிறார்கள், படிக்கிறவர் கடிதத்தைக் கூடுதலாக நம்புவார் என்பதால். மாணவருக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு குறியிட விடாதீர்கள்.

அம்மாவின் நோய், அப்பாவின் வேலையிழப்பு, வீட்டில் நடந்த பிரிவு ஆகியவற்றை மாணவரின் சம்மதமின்றி ஒருபோதும் எழுதக் கூடாது. சம்மதம் கிடைத்தால், எழுதப்போகும் வாக்கியத்தை மட்டும் அவரிடம் காட்டுங்கள். கடிதத்தைப் பள்ளி முகவரித் தாளில் எழுதி, பள்ளி மின்னஞ்சல் வழியாக நீங்களே பதிவேற்றுங்கள். தனிப்பட்ட மின்னஞ்சலிலிருந்து போனால் சந்தேகப்பட்டு விசாரிக்கும் இடங்கள் உண்டு. கடைசி நாள் அந்த நாட்டு நேரப்படியா மலேசிய நேரப்படியா என்று பாருங்கள், இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கடிதத்தைப் படிக்கும் சங்கங்களுக்கு

உபகாரச் சம்பளம் கொடுக்கும் கோயில், சங்கம், அறவாரியம் ஆகியவை "ஒரு பரிந்துரைக் கடிதம் இணைக்கவும்" என்று மட்டும் போட்டுவிடுகின்றன. அப்போது கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியர் கிடைத்த பிள்ளைக்குப் பணம், கிடைக்காத பிள்ளைக்கு ஏமாற்றம். அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவப் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் 1990களிலேயே இதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொதுப் படிவத்துக்கு மாறினார்கள். நீங்களும் வெற்றுத்தாளைக் கேட்பதை நிறுத்துங்கள். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 120 சொல், எந்த மொழியிலும்:

1. மாணவரை எவ்வளவு காலம், எந்த வேலையில், வாரம் எத்தனை மணி பார்த்திருக்கிறீர்கள்?
2. அவர் தோற்ற அல்லது தவறிய ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்தார்?
3. யாரும் கேட்காமல் பிறருக்காக அவர் செய்த ஒன்று?
4. பள்ளிக்கு வெளியே அவர் சுமக்கும் பொறுப்பு எது? எப்படி அறிந்தீர்கள்?
5. முதலாண்டில் அவருக்கு எந்த உதவி தேவைப்படும்?

படிக்கும் முன் மாணவரின் பெயரையும் எழுதியவரின் பதவியையும் மறைத்துவிடுங்கள். செயலாளர் ஒருவர் ஒட்டுத்தாள் வைத்து மறைக்கப் பத்து நிமிடம் போதும். இரண்டு பேர் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல், 2, 3, 4ஆம் கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை புள்ளி இடட்டும்: வெறும் பாராட்டுக்கு 0, செயல் உண்டு ஆனால் பொதுவானது என்றால் 1, குறிப்பிட்ட ஒரு சம்பவம் என்றால் 2, சம்பவமும் விளைவும் அல்லது நீண்டநாள் தொடர்ச்சியும் இருந்தால் 3. இருவரின் புள்ளி இரண்டுக்கு மேல் விலகினால் மூன்றாமவர் படிப்பார். முதல் கேள்வி சாட்சியின் எடையைச் சொல்கிறது, ஐந்தாவது தேர்வானபின் உதவத்தான், இரண்டுக்கும் புள்ளி வேண்டாம்.

மொழிநடைக்குப் புள்ளி தராதீர்கள். இன்னொன்று, 0 விழுந்த கடிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். வெறும் பாராட்டு என்பது ஆசிரியரின் அவசரம், அதற்கு மாணவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? "சான்று இல்லை" என்று குறித்துவிட்டு, எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த மூன்று கேள்விகளையும் வாய்மொழியாகக் கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில், எழுதத் தெரியாதவர்கூட எத்தனையோ சொல்வார்.

நோட்டுப் புத்தகம் யாரிடம்?

ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும், சில நேரம் ஆண்டின் நடுவிலேயே. போகும்போது மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கிறோம், பிள்ளைகளைப் பற்றிய ஞாபகம் நம்மோடு போய்விடுகிறது. கீழ் ஆறாம் படிவத்தில் எழுதிய குறிப்புகளை மேல் ஆறாம் படிவ வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ நேரில் கொடுங்கள். குடும்ப விவரம் உள்ள பக்கங்களை அந்தந்த மாணவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள், வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். பூட்டு உள்ள அலமாரியில் இருக்கட்டும். உங்கள் புதிய பள்ளித் தொலைபேசி எண்ணை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அக்டோபரில் யாராவது ஒரு பிள்ளை கேட்டு வரும்போது, உங்களுக்குப் பின்னால் வந்தவர் உங்களை அழைத்து விசாரிக்க அது வேண்டும்.